பதினெட்டுத் திரிகள்

1977 ஜனவரிக் கடைசியில் என்னை இரண்டு வாரத்துக்குக் கிரான்பர்னுக்குப் போகச் சொன்னார்கள். மெல்பேர்னுக்குத் தென்கிழக்கே, மரக்கறித் தோட்டங்கள் நிறைந்த ஊர். சிட்னி செவன் ஹில்ஸில் எங்கள் தொழிற்சாலை செய்த நாலு பம்புகளை அங்கே ஒரு தோட்டத்தில் பொருத்தி, ஓடவிட்டு, தோட்டக்காரரைப் பழக்கிவிட்டு வர வேண்டும். சிட்னியில் வெயில் முப்பத்தெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

போவதில் எனக்குக் கரைச்சல் இல்லை. வீட்டில் ஒன்பது பூச்சாடிகள் இருந்தன. அதுதான் கரைச்சல்.

சாடிகள் என் மனைவி ராதாவுடையவை. அவள் இறந்து பதினாலு மாதம். பதினாலு மாதமும் நான் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அன்பினால் என்று சொல்ல முடியாது. பல் துலக்குவது போல அதையும் செய்தேன். ஆனால் ஒன்றைக்கூடச் சாகவிடவில்லை. அதில் எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது.

எட்டுச் சாடிகளைப் பற்றிப் பெரிய பயம் இல்லை. மணிப்பிளாண்ட், றப்பர் செடி, சின்னச் சின்ன ஊதாப் பூச்செடிகள். ஒன்றுக்கு இந்த ஊரில் மாமியார் நாக்கு என்று பெயர். வாள் போல நீண்ட இலை. அதைக் கொல்ல வேண்டுமென்றால் திட்டம் போட வேண்டும். ஒன்பதாவதுதான் பிரச்சினை. மெய்டன்ஹேர் என்ற பன்னம். கறுப்பு நூல் போன்ற தண்டு, கொத்தமல்லி போன்ற இலை. இரண்டு நாள் தண்ணீர் இல்லையென்றால் முகத்தைச் சுளிக்கும். நாலாம் நாள் போய்விடும். ராதா இரண்டை வாங்கி இரண்டையும் இழந்தாள். மூன்றாவதுதான் நின்றது.

நான் இருந்த வென்ட்வேர்த்வில்லைச் சுற்றி எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் அப்போது நாலைந்து. யாரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்திருந்தாலும் வந்து தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். அதோடு நின்றிருக்க மாட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு ஆளில்லாத வீட்டின் திறப்பு கிடைத்தால் கூட்டுவார்கள், கழுவுவார்கள், அலுமாரியை அடுக்குவார்கள், குளிர்ப்பெட்டிக்குள் குழம்பு வைத்துவிட்டுப் போவார்கள். பெண்சாதியை இழந்தவன் வீடென்றால் இரண்டு மடங்கு. எனக்கு வீடு இருந்தபடியே இருக்க வேண்டும்.

ஆகவே தண்ணீர் தானாகப் போக வேண்டும்.

தண்ணீரை ஓடவைப்பது என் தொழில். இதற்குப் பம்பும் தேவையில்லை. ஒரு வாளியை முக்காலியில் வைத்து, பருத்தித் திரியின் ஒரு முனையை வாளிக்குள்ளும் மறு முனையைக் கீழே சாடியின் மண்ணுக்குள்ளும் விட்டால் போதும். திரி தண்ணீரை உறிஞ்சி மண்ணுக்குக் கொடுக்கும். மண் ஈரமாக இருந்தால் மெல்லக் கொடுக்கும். காய்ந்தால் வேகமாகக் கொடுக்கும். நைலோன் கயிற்றில் முயன்றேன், சரிவரவில்லை. சணலும் சரிவரவில்லை. காயத்துக்குக் கட்டும் பருத்தித் துணியைத் திரித்து விட்டேன். ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு திரி, ஒரு சாடி. ஒரு நாளில் தொண்ணூறு மில்லிலீற்றர் இறங்கியது. பன்னத்துக்கு அது தாராளம்.

அன்றைக்கு இரஞ்சிதம் அன்ரி வந்தார். இரண்டு தெரு தள்ளி இருப்பவர். ஐம்பது வயது, மெலிந்த, சுறுசுறுப்பான ஆள். சனிக்கிழமைகளில் எனக்கு ஏதாவது சாப்பாடு கொண்டுவருவார், வாசலில் நின்று தருவார், நான் உள்ளே வரச் சொன்னால் வருவார். அன்று சொன்னேன். மேசையில் இருந்த கிளாஸையும் திரியையும் பார்த்தார்.

"இது என்ன தம்பி, ஆஸ்பத்திரியிலை சேலைன் ஏத்துற மாதிரி?"

"செடிக்குத் தண்ணி, அன்ரி. ரெண்டு கிழமை மெல்பேர்ன் போறன்."

"திறப்பைத் தாருமன். நான் வந்து ஊத்துறன்."

"வேண்டாம் அன்ரி. இது ஒட்டோமற்றிக்."

"ஒட்டோமற்றிக்," என்றார். "எங்கடை அவரும் உடுப்புத் தோய்க்கிற ஒட்டோமற்றிக் மெஷின் ஒண்டு வாங்கினவர். இப்ப அதுக்குப் பக்கத்திலை கதிரை போட்டு இருக்கிறார், ஒழுங்காத் தோய்க்குதோ எண்டு பார்க்க."

பிறகு என் திரியைத் தூக்கிப் பார்த்தார். நடுவில் தடித்து இரண்டு பக்கமும் மெலிந்திருந்தது.

"இதைத் திரி எண்டு வெளியிலை சொல்லாதையும். எத்தினை வேணும்?"

"சாடிக்கு ரெண்டு. பதினெட்டு. ஒவ்வொண்டும் ஒரு முழம்."

"ஆர் உருட்டிறது? நீரோ?"

"ஓம்."

"விளங்கும். நான் உருட்டித் தாறன். அவரின்ரை பழைய வேட்டி கிடக்குது."

திறப்பை மறுத்த எனக்குத் திரியையும் மறுக்க முகமில்லை. பருத்தியாக இருக்க வேண்டும், நன்றாகத் தோய்த்த பழைய துணியாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். வேறு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

திங்கள் பின்னேரம் பதினெட்டுத் திரிகளும் ஒரு ஐஸ்கிரீம் பெட்டியில் வந்தன. கச்சிதமான திரிகள். எல்லாம் ஒரே தடிப்பு, ஒரே நீளம். செவ்வாய் காலை டாக்சி வந்து கீழே ஹோர்ன் அடித்தபோது நான் அவற்றைப் பொருத்திக்கொண்டிருந்தேன். விரல் வழுக்கியது. ஐஸ்கிரீம் பெட்டியின் பிசுக்கு என்று நினைத்து கைலேஞ்சியில் துடைத்தேன். நல்லெண்ணெய் மணம் வந்தது. அன்ரியின் கை பட்ட எதுவும் அப்படித்தான் மணக்கும். வாளியை நிரப்பினேன், கதவைப் பூட்டினேன், திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

கிரான்பர்னில் வேலை நன்றாகப் போனது. புதன்கிழமை முதலாவது பம்பு ஓடியது. வெள்ளி மூன்றாவது. சலாட் கீரைப் பாத்திகளின் மேல் தண்ணீர் விசிறியடித்தது. தோட்டக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு அதற்குள் போய் நின்றார். நான் இரவில் நன்றாகத் தூங்கினேன். சிட்னியில் ஒன்பது சாடிகளும் என் கணக்குப்படி குடித்துக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை விக்னராஜா வந்து என்னைக் கிளேட்டனில் தன் வீட்டுக்கு ஏற்றிப்போனான். பேராதனையில் என்னோடு எஞ்சினியரிங் படித்தவன். மத்தியானச் சாப்பாடு ஐந்து மணிவரை நடந்தது. ஏழு மணிக்கு அவன் மனைவி பவளம் சாமிப் படத்துக்கு விளக்கேற்ற ஆயத்தம் செய்தார். எங்களோடு கதைத்துக்கொண்டே ஒரு துணிக் கீலத்தை எடுத்தார், உள்ளங்கையில் இரண்டு துளி எண்ணெய் விட்டார், துணியை வைத்து உருட்டினார்.

"கையிலை எண்ணெய் ஏன்?" என்று கேட்டேன்.

"எண்ணெய் தடவாட்டித் திரி இறுகாதே."

"எல்லாரும் இப்பிடித்தான் உருட்டிறவையோ?"

"எங்கடை வீட்டிலை இப்பிடித்தான். உருட்டி முடிச்சு ஒருக்கா எண்ணெயிலை தோய்ச்சும் வைக்கிறது, பிரியாமல் இருக்க. ஏன், என்ன நடந்தது?"

நான் லேஞ்சியை எடுத்து விரித்தேன். மஞ்சளாக நாலு விரல் அடையாளம். விக்னராஜா வாங்கி மோந்து பார்த்தான்.

"நல்லெண்ணெய்," என்றான்.

விஷயத்தைச் சொன்னேன். எண்ணெயில் ஊறிய திரி தண்ணீரைத் தொடாது. அவனுக்கு மேலே விளக்க வேண்டியிருக்கவில்லை. கதிரையில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினான்.

"ஒண்டைச் சோதிச்சுப்போட்டுப் பதினெட்டைப் பூட்டினியோ? மச்சான், பேராதனையிலை உனக்கு அப்பிடியோ படிப்பிச்சவங்கள்?"

"டாக்சி வந்திட்டுது."

"பம்புக்கும் இப்பிடித்தான் செய்யிறனியோ? பாவம் அந்தத் தோட்டக்காரன்."

"சும்மா இருங்கோ," என்றார் பவளம். "எத்தினை நாள் ஆச்சு?"

ஆறு நாள். எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. பன்னம் நாலு நாள் தாங்கும். வேருக்குள் கொஞ்சம் ஈரம் இருந்தால் இன்னும் ஒரு நாள், இரண்டு நாள். நீண்ட வார இறுதி வேறு. மாற்றுத் திறப்பு வைத்திருக்கும் வீட்டு முகவரின் அலுவலகம் செவ்வாய்க்கிழமைதான் திறக்கும். வீட்டுத் திறப்பு கிளேட்டனில் என் சட்டைப் பைக்குள் இருந்தது.

இரஞ்சிதம் அன்ரிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அன்ரி, அந்தத் திரியளுக்கு எண்ணெய் போட்டனீங்களோ?"

"போடாமல்? வெறுங்கையாலை ஆரும் திரி உருட்டுவினமோ?" பெருமையாகத்தான் சொன்னார். "பதினெட்டையும் நல்லெண்ணெயிலை தோய்ச்சு எடுத்தனான். கடை எண்ணெய் இல்லை, ஊரிலையிருந்து வந்தது."

நான் காரணத்தைச் சொன்னேன்.

"அப்ப," என்றார் மெல்ல, "அந்தப் பிள்ளையின்ரை மரங்களை நானோ தம்பி சாக்காட்டினனான்?"

"இல்லை அன்ரி. நான் சோதிச்சிருக்க வேணும்."

அவர் கணவர் யோகேஸ்வரன் அங்கிள் ரிசீவரைப் பறித்தார். ரெயில்வேயில் வேலை. ஆள் அகலம்.

"ஐசே, அழுகை ஒரு பக்கம் இருக்கட்டும். இப்ப உள்ளுக்குப் போறது எப்பிடி? கதவை உடைக்கட்டோ?"

"வேண்டாம்."

"அப்ப?"

எனக்கு வழி தெரியும்.

"குளியலறை யன்னல், அங்கிள். படிக்கட்டுப் பக்கம் இருக்கு, நெஞ்சளவு உயரம். நீட்டு நீட்டுக் கண்ணாடித் தகடு. ஒவ்வொண்டாப் பக்கவாட்டிலை இழுத்தால் கழண்டு வரும். அஞ்சு தகடு கழட்டினால் ஒரு மெல்லிய ஆள் போகலாம்."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"ராதா போனவ."

விக்னராஜாவும் பவளமும் என்னைப் பார்த்தார்கள். நிறுத்த முடியவில்லை.

"ஒருக்காத் திறப்பை உள்ளுக்கு விட்டிட்டு வெளியிலை நிண்டிட்டா. கையிலை ரெண்டு பை மரக்கறி. பூசணிக்காயை முதல் உள்ளுக்குப் போட்டவவாம், அது வெடிச்சு உருண்டு ரொயிலற்றுக்குப் பின்னாலை போயிட்டுது. நான் வரேக்கை ஒண்டும் நடக்காத மாதிரிச் சமைச்சுக்கொண்டு நிக்கிறா. அண்டைக்கு எனக்குச் சொல்லவே இல்லை. ரெண்டு நாளைக்குப் பிறகு குளிக்கேக்கை பார்த்தன், பூசணிக்காய்த் துண்டு ஒண்டு மூலையிலை ஒட்டிக் கிடக்குது."

அங்கிள் சிரித்தார். பவளம் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பதினாலு மாதத்தில் அவளைப் பற்றி நான் சொன்ன முதல் கதை. அது சிரிப்பான கதை என்பது சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"நாங்கள் போறம். எட்டு எட்டேகாலுக்குள்ளை ரெலிபோன் அடிக்கிறம்," என்றார் அங்கிள்.

அந்த ஒரு மணி நேரத்தில் விக்னராஜா எனக்குத் திரிகளைப் பற்றி ஏழு பகிடி சொன்னான். எதுவும் காதில் ஏறவில்லை. எட்டேகாலுக்கு மணி அடித்தது. என் வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்து பதினாலு மாதம்.

"தம்பி, உள்ளுக்கு நிக்கிறன்," என்றார் இரஞ்சிதம் அன்ரி. மூச்சு வாங்கியது. "கீழ் வீட்டு இத்தாலிக்காரி ஸ்டூல் தந்து, காலையும் பிடிச்சுத் தள்ளி விட்டவ. நல்ல மனுசி. உவர் யன்னலிலை பாதி வந்து இறுகிப்போய் நிக்கிறார்."

"கதவை உள்ளுக்கை இருந்து திறக்கலாமே அன்ரி."

"திறந்துதான் விட்டனான். தானும் யன்னலாலைதான் வரவேணுமாம்."

பின்னால் அங்கிளின் குரல் கேட்டது. "இவ சொல்லுறதை நம்பாதையும் ஐசே. பின்னாலை போகேலாமல் நிக்கிறன்."

"செடியளைப் பாருங்கோ அன்ரி."

"பாக்கிறன். வாளி தளும்பத் தளும்ப நிக்கிது. ஒரு சொட்டுக் குறையேல்லை. மேலை எண்ணெய் மிதக்குது, ரசம் மாதிரி." வயரை இழுத்துக்கொண்டு நடந்தார். "றப்பர் ரெண்டு இலை கொட்டியிருக்கு. மணிப்பிளாண்ட் தலையைத் தொங்கப் போட்டிட்டுது, தண்ணி விட்டால் எழும்பும். ஊதாப் பூக்காரர் எல்லாரும் படுத்திட்டினம், ஆனால் இலை ஈரமாத்தான் இருக்கு. உந்த வாள் மாதிரி நிக்கிறது ஆர்?"

"மாமியார் நாக்கு."

"அதுதானே பார்த்தன். மாமியாருக்கு ஒரு குறையுமில்லை."

"பன்னம்?"

ஏதோ சரசரத்தது.

"உந்தக் கொத்தமல்லியோ? தம்பி, இது வைக்கோல். தொட்டால் நொருங்குது."

நான் கதிரையில் உட்கார்ந்தேன். எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு வழி மிச்சம் இருந்தது. ராதாவின் இரண்டாவது பன்னம் காய்ந்தபோது, அதை எறிந்த பிறகுதான் நாற்றுக்கடைக்காரன் சொன்னான். காய்ந்ததை அடியோடு வெட்டிவிட்டு, சாடியைத் தண்ணீருக்குள் இருத்தி வைத்தால் வேரிலிருந்து திரும்ப வரலாம். காய்ந்த தண்டு நிற்க நிற்க வேருக்குக் கேடு.

"அன்ரி, மேசை லாச்சிக்குள்ளை கத்தரிக்கோல் இருக்கு. மண் மட்டத்துக்கு முழுக்க வெட்டுங்கோ. வெட்டிப்போட்டு ஒரு சட்டியிலை தண்ணி விட்டுச் சாடியை அதுக்குள்ளை வையுங்கோ."

"சட்டிக்குள்ளை வைக்கிறன். வெட்ட மாட்டன்."

"ஏன்?"

"பொழுதுபட்டிட்டுது தம்பி. விளக்கு வைச்ச பிறகு செடியிலை கத்தி வைக்கிறதோ? ஒரு கறிவேப்பிலை இணுக்குக்கூட நான் ஆயமாட்டன்."

"காய்ஞ்சதுதானே அன்ரி."

"காய்ஞ்சதெண்டால் ஏன் வெட்டச் சொல்லுறீர்? உயிர் இருக்கெண்டுதானே? உயிர் இருக்கிறதை இருட்டிலை வெட்டேலாது."

பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த விக்னராஜா ரிசீவரை வாங்கினான்.

"அன்ரி, நான் விக்னராஜா. இங்கை மெல்பேர்னிலை இன்னும் வெயில் அடிக்குது. வெட்டச் சொல்லுறது மெல்பேர்னிலையிருந்து. அப்ப மெல்பேர்ன் பொழுதுதானே கணக்கு?"

"செடி எங்கை நிக்கிது?"

"சிட்னியிலை."

"அப்ப சிட்னிப் பொழுது. தம்பியிட்டைக் குடும்."

விக்னராஜா திருப்பித் தந்தான். "அவதான் எஞ்சினியர்," என்றான்.

"நாளைக்கு விடிய வந்து வெட்டுறன்," என்றார் அன்ரி. "ஆனால் நாளைக்கும் இந்த யன்னலாலை ஏற என்னாலை ஏலாது. இந்தக் கதவுக்கு வேறை திறப்பு இருக்கோ?"

இருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து ஆறு அடியில் இருந்தது. சொன்னால் நாளைக்கு வருவார், நாளையன்றைக்கும் வருவார். அலுமாரி அடுக்கப்படும். சொல்லாவிட்டால் அங்கிளும் அன்ரியும் கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள், நான் திரும்ப ஒன்பது நாள் ஆகும். அதுவரை அந்த வேர் தாங்குமா என்பது எனக்குத் தெரியாது. வாளி கணக்குப்போல இதில் கணக்கு இல்லை.

"தம்பி? நிக்கிறீரோ?"

"நிக்கிறன். குசினி லாச்சிக்குள்ளை, கரண்டியளுக்குக் கீழை. சிவப்பு நூல் கட்டியிருக்கும். ராதாவின்ரை."

லாச்சி இழுபடுவது கேட்டது. கரண்டிகள் சத்தமிட்டன.

"எடுத்திட்டன்," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் நன்றியுள்ளவன்.

"அங்கிள் வந்திட்டாரோ?"

"இத்தாலிக்காரி வெளியிலை நிண்டு தள்ளுறா. வந்திடுவார்."

திங்கள் காலை ஆறரைக்கு அன்ரி பன்னத்தை வெட்டினார். முதலில் கிழக்கே பார்த்துக் கும்பிட்டாராம். அதோடு விடவில்லை. பதினெட்டுத் திரிகளையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டு அவித்து, அலசி, திரும்ப அவித்து, வெயிலில் உலர்த்தினார். பின்னேரம் எனக்கு மோட்டலுக்கு அடித்தார்.

"ஒவ்வொரு திரியையும் கிளாசிலை போட்டுப் பார்த்தனான் தம்பி. பதினெட்டையும். பதினாறு நல்லாக் குடிக்குது. ரெண்டு பஞ்சி பிடிச்சது, குடிக்கேல்லை, அதுக்குப் புதுசு உருட்டினனான். எண்ணெய் தொடேல்லை, கையை மாவிலை தோய்ச்சு உருட்டினனான்."

"மாவிலையோ?"

"பயப்பிடாதையும். அதையும் அவிச்சனான்."

அடுத்த கிழமை செவ்வாய் மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். நான் பயந்தது எல்லாம் நடந்திருந்தது. தரை மினுங்கியது. அலுமாரிக்குள் என் சட்டைகள் நிறப்படி தொங்கின. குளிர்ப்பெட்டிக்குள் மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, என்ன என்று தெரியாத ஒன்று. உப்புப் போத்தலைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் எடுத்தது.

வாளி முக்கால்வாசி இறங்கியிருந்தது. திரிகள் எல்லாம் ஈரமாக, கனமாகத் தொங்கின. மணிப்பிளாண்ட் எழும்பி நின்றது. ஊதாப் பூச்செடிகளில் ஒன்று போய்விட்டது. மற்றவை இருந்தன.

பன்னம் குசினி யன்னலருகே ஒரு அலுமினியச் சட்டிக்குள் இருந்தது. மொட்டை அடித்த தலை. குனிந்து பார்த்தேன். கறுத்த மண்ணுக்கு மேலே, வெட்டின அடிகளுக்கு நடுவே, ஊசித் தடிப்பில் ஏதோ சுருண்டு நின்றது. வெளிர்ப் பச்சை, நுனியில் சுருட்டி வைத்த நூல் மாதிரி. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பின்னால் ஒன்று. சூட்கேஸைத் திறக்காமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. பிறகு அன்ரிக்கு அடித்தேன்.

"வந்திட்டன் அன்ரி. பன்னம் வருது. மூண்டு குருத்து."

"மூண்டோ?" என்றார். "காலமை நான் எண்ணேக்கை நாலு."

"மூண்டுதான் அன்ரி. இப்பதான் பார்த்தன்."

"நீர் எண்ணினதை நான் நம்ப மாட்டன். போய்ச் சாடியைத் திருப்பிப் பாரும்."

ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போய்த் திருப்பினேன். நாலுதான்.